பதிவு தெரிந்தவருக்குப் பட்டம் எதற்கு

தொழிற்கல்விப் பிரிவில் கணக்கு பயின்று தேறிய ஒரு மாணவர், அதே கணக்கியலைப் பல்கலைக்கழகத்தில் மேலும் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் படிக்க வேண்டுமா என்னும் கேள்வி, மேலோட்டமாகப் பார்ப்பவருக்குக் கட்டணத்தையும் சம்பளத்தையும் கூட்டிக் கழித்து வீட்டுக்குள்ளேயே முடித்துவிடக்கூடிய ஒன்றாகத் தோன்றும். ஆயினும் கணக்கு எழுதுதல் கைத்தொழிலா, கல்வித்துறையா என்னும் நெடுநாள் வழக்கு ஒன்று அக்கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. ஆந்திரப் பிரதேசத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் நாகலாபுரம் போன்ற ஊரில் மொழி, மாநில எல்லை, இடஒதுக்கீட்டு விதி ஆகியவையும் அவ்வழக்கில் சேர்ந்துகொள்கின்றன. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் உருவாகும்வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், வேதநாராயணப் பெருமாள் கோயிலால் அறியப்படுவது. கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாதேவியின் பெயரால் அமைத்தது என்று வழங்கப்படுவது. இங்குள்ள கடைத்தெருவில் தெலுங்கில் விலை கேட்டுத் தமிழில் பேரம் பேசி முடிப்பது வியப்புக்குரிய செய்தியன்று.

ஆந்திரத்தில் பத்தாம் வகுப்புக்குப் பின் வரும் ஈராண்டுப் படிப்பு இன்டர்மீடியட் எனப்படும். தமிழ்நாட்டின் மேல்நிலைக் கல்விக்கு அது நிகரானது. அதில் கணிதம், அறிவியல், வணிகம் முதலிய பொதுப் பிரிவுகளுக்கு இணையாகத் தொழிற்பிரிவுகளும் உள்ளன. அவற்றுள் ஒன்று கணக்கியலும் வரிவிதிப்பும் சேர்ந்த பிரிவாகும். ஆங்கிலமும் பொது அடிப்படைப் பாடமும் போக, இப்பிரிவின் பெரும்பகுதி தொழிற்பாடங்களும் செய்முறைத் தாள்களுமாக அமைந்திருக்கும். பணியிடப் பயிற்சியும் அதில் ஒரு கூறு. தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் கணக்குப்பதிவியலும் தணிக்கையியலும் என்ற பெயரில் நடந்துவரும் தொழிற்பிரிவு ஏறத்தாழ இதே நோக்கமுடையது. இரண்டுள் எதில் தேறியவருக்கும் சான்றுச்சீட்டைப் பார்த்துக் குறிப்பேட்டில் பதிவு போடவும், அதைப் பேரேட்டுக்கு எடுத்து எழுதவும், இருப்பாய்வைச் சமன் செய்யவும், டேலி மென்பொருளில் அவ்வளவையும் விசைப்பலகையின் வழியே முடிக்கவும் கை பழகியிருக்கும். அறிவியல், பொறியியல் பட்டங்களுக்குச் செல்ல விரும்பும் தொழிற்பிரிவு மாணவர்கள் இணைப்புப் பாடம் எனப்படும் கூடுதல் தாள்களை எழுதித் தேற வேண்டியிருக்க, பி.காம். பட்டத்துக்குப் பொதுவாக அத்தடை இல்லை. கதவு திறந்தே இருப்பதால்தான், உள்ளே போக வேண்டுமா என்பதைச் சிந்தித்து முடிவு செய்யும் பழக்கமும் குறைந்துவிட்டது போலும்.

தொழிற்பிரிவிலிருந்து பட்டத்துக்குச் செல்வதைத் தாழ்ந்த படியிலிருந்து உயர்ந்த படிக்கு ஏறுவதாகவே ஊரார் பேசுகின்றனர். கணக்கியலின் வரலாறு இப்பேச்சுக்கு இடம் தருவதில்லை. இரட்டைப் பதிவு முறையை, அதாவது ஒவ்வொரு நடவடிக்கையையும் ஒரு கணக்கில் பற்றாகவும் மற்றொன்றில் வரவாகவும் இருமுறை எழுதும் முறையை, முதன்முதலில் அச்சுநூலில் விளக்கியவர் எனக் கருதப்படும் லூக்கா பச்சியோலி, இளமையில் வெனிஸ் நகரத்து வணிகர் ஒருவரின் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். 1494இல் வெளிவந்த அவரது நூலின் கணக்குப்பதிவுப் பகுதி, வெனிஸ் வணிகர்கள் ஏற்கெனவே கையாண்டுவந்த முறையின் தொகுப்பே தவிர அவருடைய கண்டுபிடிப்பன்று. தொழில் முந்தியது, நூல் பிந்தியது, பல்கலைக்கழகம் அதற்கும் பிந்தியது.

தமிழகத்திலும் ஆந்திரத்திலும் இவ்வரிசை மாறவில்லை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்த சிறுவன், பின்னர்த் தந்தையின் அருகிலோ மண்டிக் கணக்குப்பிள்ளையின் அருகிலோ அமர்ந்து கணக்கெழுதப் பழகினான். ஊர்க் கணக்கைப் பரம்பரையாக வைத்திருந்த கர்ணம் என்னும் பதவி, தமிழ்நாட்டில் 1980இலும் ஆந்திரத்தில் 1984இலும் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பிறப்பால் வந்த உரிமை போய்த் தேர்வால் வரும் தகுதி அவ்விடத்தைப் பிடித்தது. ஒரு தொழில் குடும்பத்தை விட்டு வெளியேறிச் சான்றிதழுக்குள் புகுந்த அந்தத் திருப்பத்தை இன்றைய மாணவரின் பாட்டனார் கண்ணாரக் கண்டிருப்பார். சாதி வழியாக மட்டுமே கிட்டிய கணக்கறிவு பள்ளி வழியாக எவருக்கும் கிட்டலாயிற்று என்பதால், தொழிற்பிரிவின் சான்றிதழை எளிய காகிதமென்று தள்ளுவது வரலாறு அறியாதோர் செயலாகும்.

நகரத்திலும் கதை இதுவே. பச்சையப்பர் அறக்கட்டளையினர் 1886இல் சென்னையில் தொடங்கிய வணிகப் பள்ளி இந்தியாவில் இத்துறையின் முதல் பள்ளியாகச் சொல்லப்படுகிறது. வணிகத்துக்கென்றே ஒரு கல்லூரி பம்பாயில் சிடனம் கல்லூரியாக உருவானது 1913இல்தான். விடுதலைக்கு முந்தைய காலத்தில் தணிக்கையாளராக விரும்பியவர் பெற வேண்டியிருந்தது அரசுக் கணக்கியல் டிப்ளமோ என்னும் தகுதியே. அதனுடன் ஒரு தணிக்கையாளரின் அலுவலகத்தில் பயிற்சி எழுத்தராக இருந்த ஆண்டுகளும் சேர வேண்டும். சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் 1933இல் இந்த டிப்ளமோவைப் பெற்று, நாட்டின் முதல் பெண் கணக்காளர்களுள் ஒருவராகி, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றதைக் காரணம் காட்டித் தொழிலுக்குள் விட மறுத்த விதியை எதிர்த்து வென்று, 1937இல் தனியே தொழில் தொடங்கினார். 1949இல் பட்டயக் கணக்காளர் நிறுவனம் அமைந்த பிறகும், அலுவலகப் பயிற்சியை மையமாகக் கொண்ட அமைப்பு குலையவில்லை. 1955 முதல் அந்நிறுவனத்தின் தென்மண்டலக் குழுவுக்குத் தலைமை வகித்தவரும் சிவபோகமே. கணக்கியலின் உச்சத் தகுதி இன்றளவும் பல்கலைக்கழகத்தின் கையில் இல்லை என்பது, பட்டத்தை நோக்கி ஓடும் குடும்பங்கள் பல கவனிக்கத் தவறும் உண்மையாகும்.

இவ்விடத்தில் ஒரு சிறு ஒப்பீடு பொருந்தும். நாகலாபுரத்துக்கு அருகிலுள்ள புத்தூர், எலும்பு முறிவுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுப்போடும் குடும்பத்தாரால் சென்னை வரை பெயர் பெற்றது. கட்டுப்போடுபவரிடம் எவரும் பட்டம் கேட்பதில்லை. கணக்கில் அப்படி இருக்க முடியாது. ஏனெனில் அங்கே வேலையின் உரிமையையும் கையெழுத்தின் உரிமையையும் சட்டம் தனித்தனியே பிரித்து வைத்திருக்கிறது. ஒரு நிறுமத்தின் கணக்கைத் தொழிற்பிரிவு மாணவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுதலாம். ஆனால் 2013ஆம் ஆண்டின் நிறுமங்கள் சட்டப்படி அதன் தணிக்கை அறிக்கையில் பட்டயக் கணக்காளர் ஒருவர் மட்டுமே ஒப்பமிட முடியும். பி.காம். பட்டமும் அக்கையெழுத்தைத் தருவதில்லை. எழுதும் கைக்கும் ஒப்பமிடும் கைக்கும் நடுவே நிற்கும் பட்டம் எதைத் தருகிறது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

அதற்குமுன் தொழிற்பிரிவு ஏன் முட்டுச்சந்தாகக் கருதப்பட்டது என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். மேல்நிலைக் கல்வியில் தொழிலைப் புகுத்துவது பற்றி ஆராய்ந்த தேசியக் குழு, வேலூரில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த மால்கம் ஆதிசேஷையாவின் தலைமையில், 'செய்யக் கற்றல்' என்று பொருள்படும் தலைப்புடைய அறிக்கையை 1978இல் அளித்தது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவருள் நூற்றுக்கு 10 பேரை 1990க்குள்ளும் 25 பேரை 1995க்குள்ளும் தொழிற்பிரிவுக்குத் திருப்ப இலக்கு வைத்தது. 1992இல் அவ்வாண்டுகள் 1995, 2000 எனத் தள்ளிவைக்கப்பட்டும் இலக்கு எட்டப்படவில்லை. கல்லூரி வாசலில் கூட்டத்தைக் குறைப்பதும் இத்திட்டத்தின் உள்நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. மக்கள் அதை விரைவில் கண்டுகொண்டார்கள். கல்லூரிக்குப் போகாமலிருப்பதற்காக வகுக்கப்பட்ட வழி என்று ஒருமுறை பெயர் வாங்கிய பிரிவில், வேறு வழியில்லாதவர் மட்டுமே சேர்ந்தனர்.

தொழிற்தகுதியும் பட்டமும் நிகரா என்னும் சச்சரவு இலங்கையில் தெருவுக்கே வந்தது. அங்கு உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகம் நடத்தும் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா, நான்கு ஆண்டுகள் நீளும் படிப்பு. யாழ்ப்பாணம் உள்ளிட்ட தமிழ்ப் பகுதிகளிலும் கற்பிக்கப்படுவது. ஒரு காலத்தில் பி.காம். பட்டத்துக்கு நிகராக ஏற்கப்பட்டிருந்த அத்தகுதிக்கு மீண்டும் அதே மதிப்பைத் தர வேண்டுமென்று கோரிய மாணவர்கள், 2015 அக்டோபர் 29 அன்று கொழும்பில் நடத்திய ஊர்வலம் போலீசாரின் தடியடியில் முடிந்தது. அம்மாணவர்கள் தங்களுக்குக் கணக்குத் தெரியும் என்று மெய்ப்பிக்க முயன்றவர்கள் அல்லர். அரசு வேலைக்கான விளம்பரத்தில் பட்டதாரி என்ற சொல் செய்யும் வேலையை டிப்ளோமாவும் செய்ய வேண்டும் என்றே கேட்டார்கள். நாகலாபுரத்து மாணவருக்கும் பட்டத்தின் ஒரு பயன் இதுவே: வங்கி எழுத்தர் பணிக்கும் அதிகாரிப் பணிக்கும் நடத்தப்படும் பொதுத் தேர்வுகள் ஏதேனும் ஒரு பட்டத்தைக் கேட்கின்றன, கணக்குத் திறமையைக் கேட்பதில்லை. இப்பயனைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் இது மட்டுமே நோக்கமானால் கணக்கியல் பட்டம்தான் வேண்டும் என்பதும் இல்லை.

கணக்கியல் பட்டத்துக்கே உரிய பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மாம்பழக் கூழ் ஆலைகள் மிகுந்த சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் அத்தகைய ஆலையை நடத்தும் நிறுமம் ஒன்று 10,00,000 ரூபாய்க்கு இயந்திரம் வாங்குவதாகக் கொள்வோம். இயந்திரம் உழைத்துத் தேய்வதால் ஆண்டுதோறும் அதன் மதிப்பில் கழிக்கப்படும் தொகை தேய்மானம் எனப்படும். தேய்மானக் கணக்கில் பற்று, இயந்திரக் கணக்கில் வரவு என்ற பதிவு தொழிற்பிரிவு மாணவருக்கு உறக்கத்திலும் மறவாது. வருமான வரி விதிகளின்படி பொதுவான இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு, அதுவும் குறைந்துசெல்லும் மதிப்பின் மீது கழிக்கப்படும். ஆகவே முதல் ஆண்டில் 1,50,000 ரூபாயும், எஞ்சிய 8,50,000 மீது இரண்டாம் ஆண்டில் 1,27,500 ரூபாயும் தேய்மானமாகும். நிறுமங்கள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையோ விகிதத்தைச் சொல்லாமல் ஆயுளைச் சொல்கிறது. பொதுவான இயந்திரத்துக்கு 15 ஆண்டு ஆயுள், இறுதியில் 5 விழுக்காடு எஞ்சிய மதிப்பு என்று வைத்துச் சமமாகப் பங்கிட்டால், ஆண்டுக்கு 63,333 ரூபாய்தான் தேய்மானம். ஒரே இயந்திரம், ஒரே ஆண்டு, 86,667 ரூபாய் வேறுபாடு.

மென்பொருள் இரண்டு விடைகளையும் தரும்; ஏன் இரண்டு என்று அது சொல்லாது. தொடக்க ஆண்டுகளில் கூடுதலாகக் கழிக்கவிட்டு முதலீட்டை ஊக்குவிப்பது வரிச்சட்டத்தின் நோக்கம். இயந்திரத்தின் பயன் எத்தனை ஆண்டுகளில் பரவுகிறதோ அத்தனை ஆண்டு இலாபத்திலும் அதன் செலவைப் பரப்பிப் பங்குதாரருக்கு உண்மை நிலையைக் காட்டுவது நிறுமச் சட்டத்தின் நோக்கம். இவ்வேறுபாட்டால் இன்று மிச்சமாகும் வரி, வரி இல்லாமற்போனதன்று, பின்னொரு நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டதே என்பதால், அதை ஒத்திவைக்கப்பட்ட வரி என்னும் பொறுப்பாகப் புத்தகத்தில் காட்ட வேண்டியிருக்கிறது. பதிவிலிருந்து சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து அதன் நோக்கத்துக்கும், நோக்கத்திலிருந்து மீண்டும் பதிவுக்கும் போய்வரும் இந்தப் பயணம் நல்ல கல்லூரியில் நிறுமக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், தணிக்கை, வரிச்சட்டம் ஆகிய தாள்களின் வழியே நிகழ்கிறது. நல்லதல்லாத கல்லூரியில் அதே தாள்கள் ஐந்தாண்டு வினாத்தாள் தொகுப்பாகச் சுருங்கிவிடுகின்றன. தொழிற்பிரிவு மாணவர் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் கணினி எண்ணிக்கையையும் பார்ப்பதைவிட, இவ்வகைக் கேள்விக்கு அங்குள்ள ஆசிரியர் எவ்வாறு விடை சொல்கிறார் என்று பார்ப்பது பயனுடையது.

எல்லைப்புற ஊரே ஒரு பாடநூல்தான். சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பின், நாகலாபுரத்துக் கடைக்காரர் பக்கத்து ஊத்துக்கோட்டைக்கு அனுப்பும் சரக்கு மாநிலம் கடந்த விற்பனையாகி ஒருங்கிணைந்த வரிக்கு உட்படுகிறது. பல நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள விசாகப்பட்டினத்துக்கு அனுப்பும் அதே சரக்கு மாநிலத்துக்குள் நடந்த விற்பனையாகி, மத்திய வரி, மாநில வரி என இரண்டாகப் பிரிகிறது. எந்தக் கட்டத்தில் எந்தத் தொகையை நிரப்புவது என்பதைத் தொழிற்பிரிவு கற்பிக்கிறது. நுகரும் மாநிலத்துக்கே வரி சேர வேண்டும் என்ற கொள்கையிலிருந்து இது எவ்வாறு பிறந்தது என்று கேட்பவர், விதி மாறும்போதும் தடுமாறுவதில்லை.

இனி மொழி. ஆந்திர அரசு 2021-22 முதல் பட்டப்படிப்புகளை ஆங்கில வழிக்கு மாற்றியது. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் பேசிவந்த மாணவர் அங்கே மூன்றாவது மொழிக்குள் நுழைகிறார். தெலுங்குக் கணக்கியலில் குறிப்பேடு சிட்டா, பேரேடு ஆவர்ஜா, இருப்பாய்வு அங்கணா. எல்லையைத் தாண்டினால் சிட்டா என்பது நிலத்தின் வருவாய்த்துறை ஆவணமாகிவிடுகிறது. கடைக்காரரின் கச்சாக் குறிப்புக்குப் பழந்தமிழ் வணிகர் வைத்திருந்த சிட்டை என்ற சொல் மட்டும் இரண்டுக்கும் உறவு சொல்லிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டார் இருப்புநிலைக் குறிப்பு என்பதை இலங்கைத் தமிழர் ஐந்தொகை என்றனர். இத்தனை பெயர்களையும் தாண்டிப் பொருளைப் பிடித்துக்கொண்டவருக்கு ஆங்கிலம் இன்னொரு பெயர்ப்பட்டியலாக மட்டும் தெரியும்; பெயரையே பொருளாக மனனம் செய்தவருக்கு முதல் பருவமே மலையாகும். செய்முறையில் பழகி வந்த தொழிற்பிரிவு மாணவர் இதில் பொதுப்பிரிவு மாணவரைவிட ஒரு கை முன்னே நிற்கிறார் என்று கருத இடமுண்டு.

மாநில எல்லை மற்றொரு கணக்கை முன்வைக்கிறது. அரசியலமைப்பின் 371டி பிரிவைச் சார்ந்து 1974இல் பிறப்பிக்கப்பட்ட ஆணை, ஆந்திரக் கல்வி நிலையங்களின் இடங்களில் 85 விழுக்காட்டை உள்ளூர் மாணவருக்கு ஒதுக்கிற்று. திருப்பதியில் 1954இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் உள்ளூர்ப் பகுதிக்குள், ராயலசீமை மாவட்டங்களோடு நெல்லூரும் சேரும். உள்ளூர்த் தகுதிக்கு முதன்மையான அளவுகோல், தகுதித் தேர்வோடு முடியும் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அப்பகுதிக்குள் படித்திருப்பது. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளைத் தமிழில் படிக்கலாம் என்று ஊத்துக்கோட்டைப் பக்கம் போய்வந்த மாணவர், சொந்த மாவட்டத்துக் கல்லூரி வாசலில் வெளியூராராக நிற்க நேரலாம். பட்டத்தைப் பற்றிய முடிவின் பாதி, பத்தாம் வகுப்பு முடிந்த கோடையிலேயே எவரும் அறியாமல் எடுக்கப்பட்டுவிடுகிறது. கல்விக் கட்டண உதவியும் பெரும்பாலும் மாநிலத்தின் எல்லையோடு நின்றுவிடுவதால், சென்னைக் கல்லூரியா திருப்பதிக் கல்லூரியா என்பதில் ஆசைக்கு இடம் குறைவு. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1945 முதல் நடத்திவரும் ஸ்ரீ வேங்கடேசுவரா கலைக் கல்லூரியும், பெண்களுக்கென 1983இல் அமைந்த பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் திருப்பதியிலேயே இருப்பது நாகலாபுரத்தாருக்கு வாய்த்த வசதி.

ஆந்திர உயர்கல்வித் துறை அண்மைக் காலத்தில் பட்டப்படிப்பில் பத்து மாதப் பணியிடப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருப்பது இந்த விவகாரத்தில் சுவையான பகுதி. தொழிற்பிரிவு மாணவரின் தனிச்சொத்தாக இருந்த ஒன்றைப் பல்கலைக்கழகம் பட்டதாரிகளுக்கும் தேடிக்கொண்டு, அவர் ஏற்கெனவே பெற்றதை மட்டும் மதிப்பெண் புள்ளியில் சேர்க்காமல் விட்டிருக்கிறது. 2023இல் வெளியான தேசியக் கடன்மதிப்புக் கட்டமைப்பு, பள்ளி, தொழிற்பயிற்சி, கல்லூரி மூன்றிலும் செலவிட்ட நேரத்தை ஒரே அளவையால் அளந்து சேர்த்துவைக்க வழிசெய்கிறது. அது கல்லூரி அலுவலக மேசை வரை வந்து சேர நாளாகும். அதுவரை, முதலாண்டில் பத்தாம் வகுப்பு முடித்ததிலிருந்து தெரிந்த அதே பதிவுகளையே மீண்டும் கேட்க நேரும் மாணவருக்குச் சலிப்பே முதல் பகை. எல்லாம் தெரிந்தது என்று இரண்டு பருவங்களை விட்டுவிட்டு, புள்ளியியலும் அடக்கவிலையும் வரும் மூன்றாம் பருவத்தில் சறுக்குவோர் உண்டு. அந்த ஓய்வான முதலாண்டை ஆங்கிலத்துக்கோ பட்டயக் கணக்காளர் தொடக்கத் தேர்வுக்கோ திருப்பிவிடுவதே அறிவுடைமை.

பட்டயக் கணக்காளர் ஆக விரும்புவோருக்கு இரு வழிகள் உள்ளன. பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான தேர்வில் தேறியவர் நான்கு தாள்கள் கொண்ட தொடக்கத் தேர்வை எழுதி இடைநிலைக்குச் செல்லலாம். 55 விழுக்காடு மதிப்பெண்ணுடன் வணிகப் பட்டம் பெற்றவர் தொடக்கத் தேர்வு இல்லாமலே இடைநிலையில் சேரலாம். அலுவலகப் பயிற்சிக் காலம் 2023 ஜூலை முதல் மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது. சத்தியவேடு அருகே 2008இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழில் நகரத்தில் இசுசு, மோண்டெலீஸ் முதலான பன்னாட்டு நிறுவனங்கள் இயங்குகின்றன. அங்கே பதிவு போடுவோருக்கும் இடமுண்டு, பதிவின் காரணத்தை மேலாளருக்கு விளக்குவோருக்கும் இடமுண்டு. இரண்டாவது இடத்துக்குப் பட்டமும், சில வேளை அதற்கு மேலும் தேவைப்படுகிறது. குடும்ப வருமானம் உடனே வேண்டியவர் தணிக்கையாளர் அலுவலகத்தில் சேர்ந்து தொலைநிலைக் கல்வியில் பி.காம். படிப்பது குறைவான வழியன்று. சிவபோகத்தின் காலத்துப் பயிற்சி எழுத்தர் நடந்த பாதைக்கு அதுவே மிக நெருக்கமானது.

2023-24 முதல் ஆந்திரக் கல்லூரிகள் ஒரே முதன்மைப் பாடத்தைக் கொண்ட நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு மாறியுள்ளன. மூன்றாம் ஆண்டின் முடிவில் சாதாரணப் பட்டத்தோடு வெளியேறவும் அது இடமளிக்கிறது. ஆய்வுக்கோ ஆசிரியப் பணிக்கோ செல்ல எண்ணுபவருக்கு நான்காம் ஆண்டு பொருளுடையது. பட்டயக் கணக்காளர் இடைநிலைக்குப் போகிறவருக்கோ, திருப்பதித் தணிக்கை அலுவலகம் ஒன்றில் ஏற்கெனவே பாதிச் சம்பளக்காரராக அமர்ந்துவிட்டவருக்கோ, அவ்வாண்டின் கட்டணத்தையும் அறை வாடகையையும் மூன்றாம் ஆண்டு முடியும் முன்பே எண்ணிப் பார்த்து, வெளியேறும் விண்ணப்பத்தை உரிய நாளில் கொடுத்துவிடுவதே போதும்.